சுவர்கள் உயிர் பிடித்த வருஷம்

சவேரியார்முனையில் வீட்டுச் சுவர்கள் உயிர் பிடித்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், பெரிய மழைக்கு அடுத்த வருஷம் என்பார் ஒருவர், கோயில் கொடிமரத்தில் இடி விழுந்த வருஷம் என்பார் இன்னொருவர், ஆனால் அது முதன்முதலில் எந்த வீட்டில் நடந்தது என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. அது நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மெற்றில்டாவின் வீட்டில்தான் நடந்தது, அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் சாயங்காலம், அவள் சிலுவைப்பாதை முடிந்து வந்து முக்காட்டை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போன நேரத்தில் நடந்தது.

மெற்றில்டாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு, ஆனால் வந்த காலத்தில் அவளுடைய அம்மா படுக்கையில் கிடந்தாள், அம்மா போன பிறகு அப்பா கஸ்பார் படுக்கையில் விழுந்தார், இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் கிடைத்த சிறிய இடைவெளியில் வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். யார்மேலும் குற்றமில்லை. அண்ணன் பெர்க்மான்ஸ் சென்னையில் குடும்பத்தோடு இருந்தான், திருவிழாவுக்குத் திருவிழா போனில் பேசுவான். அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கம்பெனியில் வேலை, வேகவைத்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்பது; தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை, எச்சில் தெறித்துவிடும் என்பதால் பேசக்கூடாது. நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்து, மறுபடி எழுந்து பேசாமல் இருக்கப் போவாள். சில நாட்களில் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அடுப்படியில் நின்று "யேசுவே" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள்.

அந்த வீடு கடல்கல்லால் கட்டியது. கடலுக்குள் அரைமணி நேரத் தொலைவில் கிடக்கும் பவளத்திட்டை அந்தக் கரையில் 'பார்' என்பார்கள். முன்பெல்லாம் வள்ளம் வள்ளமாகப் பாரிலிருந்து கல்லை வெட்டிக் கொண்டுவந்துதான் வீடு கட்டினார்கள், அதே கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பும் எடுத்தார்கள், அதைக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு ஒரு சட்டமும் இல்லை. ஊரில் பழைய வீடெல்லாம் அப்படிப்பட்டவைதான், கோயிலும் அப்படித்தான். மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் மட்டும் கான்கிரீட் வீடு கட்டியிருந்தார்கள், பழைய வீட்டுக்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் இரக்கத்தோடு சிரிப்பார்கள்.

அன்றைக்கு அடுப்படிச் சுவரின் பூச்சு பாளமாகக் கீழே விழுந்து கிடந்தது. அதற்குப் பின்னால் கல் ஈரமாக, தேன்நிறத்தில் இருந்தது. கல்லில் இருந்த ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன வாயாகியிருந்தது, ஒவ்வொரு வாயைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விரல்கள் அசைந்தன. மெற்றில்டா விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு விழுந்த பூச்சைக் கூட்டி அள்ளினாள், சுவரோடு சாய்த்திருந்த பாத்திர அலமாரியை இழுத்து நகர்த்தினாள், சோறு வடித்தாள். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அத்தனை வாய்களுக்கு முன்னால் தான் மட்டும் சாப்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்துபோய்க் கரையில் ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு வந்து சுவரில் ஊற்றினாள். விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன.

"நீங்களும் சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சலேத் வாசலில் வந்து நின்றாள். சலேத்தின் புருஷன் தொபியாஸ் கடலுக்குப் போகிறவர், மெற்றில்டாவுக்கு அண்ணன் முறை.

"ஏ மெற்றில்டா, உங்க வீட்டுச் சுவத்துல ஏதாச்சும் மொளச்சிருக்காட்டி?"

"ஆமா மைனி. அடுப்படியில."

"எங்க வீட்ல படுக்கிற ரூம் உள்ளுல. நான் பூஞ்சைன்னு வெளக்கமாத்தால தேச்சுட்டேன். அது கைய இழுத்துக்கிட்டுல்லா. பாவமாப் போச்சு."

குருத்தோலை ஞாயிறுக்குள் கடல்கல் வீடுகள் எல்லாம் உயிர் பிடித்துவிட்டன, கோயில் சுவரும் பீடத்துக்குப் பின்னாலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வாசல்வரை உயிர் பிடித்தது. சில வீடுகளில் மான்கொம்பு போல் கிளைத்தது, சில வீடுகளில் தட்டுத்தட்டாக விரிந்தது, மெற்றில்டாவின் வீட்டு நடு அறையில் மட்டும் மனித மூளையைப் போல் மடிப்பு மடிப்பாக உருண்டு திரண்டது. ஏன் நடந்தது என்று ஊர் அதிகம் கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிட அவசரமாகக் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. சுவரில் ஆணி அடிக்கலாமா, அடிக்கக்கூடாது என்றால் இருதய ஆண்டவர் படத்தை எங்கே மாட்டுவது, கொடியேற்றத்துக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வழக்கத்தை என்ன செய்வது, கருவாடு வறுக்கிற புகை சுவருக்கு ஆகுமா, மாப்பிள்ளை வீட்டார் வந்து சாய்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும். ஒவ்வொன்றாக விடை கிடைத்தது. படங்களை மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். காலையிலும் மாலையிலும் கடல் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். குழந்தைகளிடம், சுவரைத் தொட்டால் சுவருக்கு அழுகை வரும் என்று சொல்லி வைத்தார்கள். பங்குத்தந்தை அமலன் உயிர்ப்பு ஞாயிறு பூசையில் அந்தக் கல்லைப் பற்றியே பிரசங்கம் வைத்தார், ஆனால் ஒலிபெருக்கி அலறியபோது சுவரிலிருந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டதைப் பார்த்து, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மீதியை வாய்ச் சத்தத்திலேயே சொன்னார், அன்றிலிருந்து அந்தக் கோயிலில் எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பாடினார்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் சாயங்காலங்களில் பழைய வீடுகளுக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

பிறகு வெளியாட்கள் வந்தார்கள். முதலில் வந்த அதிகாரிகள், பவளம் என்பது சட்டப்படி புலிக்கும் யானைக்கும் சமமான பிராணி, அதை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்றார்கள். "நாங்க வைக்கலீங்க சார், அதுதான் எங்கள வச்சிருக்கு" என்றார் தொபியாஸ். அவர்கள் சுவரையும் தொபியாஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள், மேலிடம் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் பவளத்தைக் காப்பாற்றுகிற அமைப்புகள் வந்தன, நீலத் தொப்பி போட்ட அமைப்பு ஒன்று, பச்சைப் பனியன் போட்ட அமைப்பு ஒன்று, பெரிய காமிராவோடு வந்து பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்ன வெளிநாட்டு அமைப்பு ஒன்று; ஒன்று வாளி கொடுத்தது, ஒன்று வாளிமேல் ஒட்டப் படம் கொடுத்தது, ஒன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, கடலைக் காப்பது எப்படி என்று படம் காட்டி, சாம்பார் சாதம் போட்டு அனுப்பியது. எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் போய்விட்டார்கள்.

'பவளத்திட்டு அறக்கட்டளை' என்ற சின்ன அமைப்பு மட்டும் போகவில்லை. போவதற்கு அவர்களிடம் வண்டியில்லை என்று ஊரில் கேலி பேசினார்கள். அந்த அறக்கட்டளையின் ஆள் நல்லசிவம், தாராபுரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஐஸ் கம்பெனிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, கடல் தண்ணீர் இறைக்கிற ஒரு மோட்டாரும், வெயில் மறைக்கும் வலைத்துணியும், ஒரு வெப்பமானியும் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். தினமும் வீடு வீடாகப் போய்ச் சுவரின் சூட்டைப் பார்ப்பார். மெற்றில்டாவின் வீட்டுக்கு அவள் கம்பெனியிலிருந்து திரும்புகிற நேரத்தில் கடைசியாக வருவார்.

முதல் நாட்களில் அவர் சுவரைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் அவள் கடுங்காப்பி கொடுத்தாள்.

"உங்க ஊர்ல கடல் உண்டா சார்?"

"கடலுங்களா? ஆத்துத் தண்ணியே வருஷத்துல கொஞ்ச நாள்தான் ஓடும். நான் கெணத்துல நீச்சல் கத்துக்கிட்டவனுங்க."

"வீட்ல எல்லாரும்?"

"வீட்டுக்காரம்மா இறந்துட்டாங்க. பையன் பெங்களூர்ல. கூப்பிட்டா எடுப்பான்." காப்பியைக் குடித்தார். "நானும் அடிக்கடி கூப்பிடறதில்லீங்க."

மறுநாள் கம்பெனியில் நண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது, சாயங்காலம் அவரிடம் என்ன கேட்கலாம் என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதை மெற்றில்டா கவனித்தாள். வாய்க்குக் கட்டிய துணிக்குள் அவள் முகம் சுட்டது.

அந்தக் கோடையில் கடல் கொதித்தது. கரையில் கால் வைத்தால் வெந்நீரில் வைத்ததுபோல் இருந்தது, வலையில் வந்த மீன் படகிலேயே நாறியது. நல்லசிவம் பாரைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொபியாஸின் வள்ளத்தில் மெற்றில்டாவையும் சலேத்தையும் பாருக்குக் கூட்டிப் போனார். பிறந்ததிலிருந்து கடல் ஓரத்தில் இருந்தும் மெற்றில்டா கடலுக்குள் போனதில்லை, அந்த ஊரில் பெண்கள் போவதில்லை. அடியில் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, குனிந்து பார்க்கச் சொன்னார்.

பார் முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒரு கல் மிச்சமில்லாமல், கொம்பும் தட்டும் உருண்டையும் எல்லாம், எலும்புபோல வெள்ளையாக இருந்தது.

"செத்துப்போச்சா சார்?" சலேத் கேட்டாள்.

"இன்னும் சாகலீங்க. சூடு தாங்காம, தனக்குச் சோறு போடற பாசியத் தானே வெளிய தள்ளிடுச்சு. இப்பப் பட்டினியா இருக்குது. சூடு தணியலைன்னாதான் சாகும்."

சூடு தணியவில்லை. ஆனி மாதத்தில் பார் செத்தது. அந்தக் கரை முழுக்க உயிரோடு இருந்த பவளம், சவேரியார்முனையின் வீட்டுச் சுவர்களிலும் கோயில் சுவரிலும் இருந்தது மட்டும்தான், ஏனென்றால் அந்தச் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் கனம், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி.

ஐப்பசி மழை பெய்து கடல் ஆறிய பிறகு அறக்கட்டளை ஊரைக் கூட்டியது. சுவர்களை அறுத்தெடுத்து, துண்டு துண்டாகச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி, கடலுக்குள் இறக்கினால் பார் மறுபடி பிழைக்கும் என்றார் நல்லசிவம். வீட்டைக் கொடுப்பவர்களுக்கு, காமிராவோடு வந்துபோன வெளிநாட்டு அமைப்பின் பணத்தில், அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டித் தரப்படும். கூட்டம் அமைதியாக இருந்தது. நல்லசிவம் அந்த அமைதியைக் கோபம் என்று நினைத்துத் தலை குனிந்து நின்றார். அது கோபமில்லை. தினம் இருவேளை தண்ணீர் சுமந்து இடுப்பு ஒடிந்த சனம், அதிசயத்தோடு ஏழெட்டு மாசம் வாழ்ந்து அலுத்துப்போயிருந்தது, ஆணி அடிக்க ஒரு சுவர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அதை முதலில் யார் வாய்விட்டுச் சொல்வது என்றுதான் காத்திருந்தார்கள்.

"எங்க வீட்ட எடுத்துக்கங்க சார்" என்றாள் சலேத். "எனக்கு மாடியில ஒரு உள்ளு வச்சுத் தருவியளா?"

அதன்பின் எல்லாரும் கொடுத்தார்கள். தை மாதம் முழுக்க ஊரில் கல் அறுக்கும் சத்தம் கேட்டது. கோயிலின் பீடத்துப் பின்சுவரைக்கூடப் பங்குத்தந்தை கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றிய கற்களை வள்ளங்களில் ஏற்றிப் பாரில் கொண்டுபோய் இறக்கினார்கள், கல் இருந்த இடத்தில் கம்பியும் சிமெண்டும் எழுந்தன.

மெற்றில்டா மட்டும் கொடுக்கவில்லை.

பெர்க்மான்ஸ் போனில் கத்தினான். "ஓசியில புது வீடு தாறான், வேண்டாங்கியே, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள், அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சலேத் வந்து பக்குவமாகச் சொன்னாள். பங்குத்தந்தை சொன்னார். நல்லசிவம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போலச் சாயங்காலம் வந்து, சுவரின் சூட்டைப் பார்த்து, காப்பி குடித்துப் போனார். அவளுடைய நடு அறையில் இருந்த மூளைக்கல் வகை வேறு எந்த வீட்டிலும் இல்லை, பாரிலும் இல்லை, அது இல்லாமல் பார் முழுசாகாது என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"நீங்க ஏன் சார் என்னக் கேக்க மாட்டேங்கிய?"

"கேட்டா நீங்க குடுத்துடுவீங்களோன்னு பயமா இருக்குதுங்க."

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சாயங்காலம் நான் வாசல்ல கால் வச்சதும் அதுங்க விரியும் சார். தண்ணி ஊத்த முன்னாடியே. நான் வந்தது அதுங்களுக்குத் தெரியுது. அது என்ன பெரிய காரியம்னு கேப்பாவ. எனக்குப் பெரிய காரியம்."

நல்லசிவம் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பெரிய காரியந்தானுங்க" என்றார்.

பங்குனியில் பௌர்ணமி கழிந்து சில நாள் ஆகியிருந்தது. கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடித்து ஓய்ந்த நேரம், மெற்றில்டா அடுப்படியில் நின்று பார்த்தபோது சுவரின் ஒவ்வொரு வாயிலும் ஒரு இளஞ்சிவப்பு மணி இருந்தது, சவ்வரிசி அளவில், இப்போது விழுமோ பிறகு விழுமோ என்று. அவள் நடு அறைக்குப் போனாள், அங்கேயும் அப்படியே. வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு ஒரே நேரத்தில் எல்லா வாய்களும் திறந்து எல்லா மணிகளையும் விட்டுவிட்டன, அவை கீழே விழவில்லை, காற்றில் மேலே எழுந்தன, நூறு நூறாக, ஆயிரம் ஆயிரமாக, மெல்ல எழுந்தன, அவளுடைய கண்ணிமையில் மோதின, தலைமுடியில் தங்கின, சேலை மடிப்புகளுக்குள் புகுந்து வெளியே வந்தன, வீடு முழுக்க நிறைந்து ஓட்டுக்கூரைக்குக் கீழே போய் முட்டி, எதையோ தேடுவதுபோல அங்குமிங்கும் அலைந்தன.

மெற்றில்டா கைகளை விரித்துக்கொண்டு நடுவில் நின்றாள். அவ்வளவு அழகை அவள் பார்த்ததில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள், அதற்குள் அவை எதைத் தேடுகின்றன என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவை தண்ணீரைத் தேடின. அவள் கதவைத் திறந்தாள், சன்னலெல்லாம் திறந்தாள், முறத்தை எடுத்து வீசி வீசி வெளியே தள்ளினாள். சாயங்காலக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசிக்கொண்டிருந்தது, வாசல் தாண்டிய மணிகளை அந்தக் காற்றே திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. அவள் மறுபடி தள்ளினாள். காற்று மறுபடி கொண்டுவந்தது. "போங்க, போங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்து அவள் உட்கார்ந்தபோதும் அவை கூரைக்கடியில் அலைந்துகொண்டுதான் இருந்தன.

விடிந்தபோது எல்லாம் விழுந்து கிடந்தன. தரையில், பாயில், சோற்றுப் பானை மூடியில், மேசைமேல் இருந்த படங்களில், எங்கும் மெல்லிய இளஞ்சிவப்புத் தூசி. அவள் விளக்குமாற்றால் கூட்டினாள். ஒரு முறம் நிறைய வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள், முழங்கால் தண்ணீரில் நின்று மெல்லக் கொட்டினாள். உமியைப்போல மிதந்து, அலை வந்ததும் மணலிலேயே திரும்ப ஒதுங்கியது.

தொபியாஸ் அப்போதுதான் வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்தார். "ஏ மெற்றில்டா!" என்று தூரத்திலிருந்தே கத்தினார். "நேத்து பொழுது சாஞ்சதும் பார் மேல கடலே செவந்து போச்சு தெரியுமா? எங்க வீட்டுக் கல்லு, கோயில் கல்லு, எல்லாம் சேந்து முட்ட விட்டிருக்கு. நீவாட்டுத் தண்ணி ஓட்டத்துலயே போய் அப்படியே அடியில எறங்குது. கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ரோசாப்பூவக் கொட்டினாப்ல…"

அவள் கையிலிருந்த முறத்தைப் பார்த்ததும் அவர் வள்ளத்துக் கயிற்றை விட்டுவிட்டார்.

அவள் நனைந்த சேலையோடு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போனாள். நல்லசிவம் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆளக் கூட்டிட்டு வாங்க சார். சுவர எடுத்துருங்க."

"அவசரப்படாதீங்க. ரெண்டு நாள் யோசிச்சு…"

"அதுங்களுக்கு நான் போதும்னு நெனச்சேன் சார்." கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நான் போதாது."

சுவரை அறுத்தபோது ஊரே வந்தது. முதலில் ஓட்டைப் பிரித்தார்கள், வெயில் படாமல் வலைத்துணி கட்டினார்கள், பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடங்களைக் கைமாற்றினார்கள். ஒவ்வொரு கல்லையும் ஈரச் சாக்கில் மெற்றில்டாவே சுற்றினாள், சுற்றும்போது ஒவ்வொரு கல்லும் அவள் கையில் விரல்களை மூடிக்கொண்டது. நடு அறையின் மூளைக்கல்லை மட்டும் நல்லசிவமும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைவரை தூக்கிக்கொண்டு போனார்கள். ஊருக்குள் அந்த நடையைப் பார்த்தவர்கள், யாரோ இரண்டு பேர் தொட்டிலைத் தூக்கிப் போவதுபோல இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அவளுடைய புது வீட்டுக்குக் கான்கிரீட் போட்டு முடிந்த வாரம் நல்லசிவத்துக்கு உத்தரவு வந்தது. லட்சத்தீவில் ஒரு திட்டு வெளுத்துக்கொண்டிருந்தது, அறக்கட்டளைக்கு இருந்த ஆளே இரண்டு மூன்று பேர், அவர் போகவேண்டும். பையோடு வந்து அவள் வாசலில் நின்றார். கடலுக்குள் இறக்கிய சட்டங்களில் வேண்டாத பாசி படராமல் பார்க்க ஊரில் ஒரு ஆள் வேண்டும், தங்கச்சிமடத்துப் பக்கம் யாரையோ கேட்டிருப்பதாகச் சொன்னார். மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவள் நிலைக்கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள், தான் அதைச் சொல்லிவிடக்கூடும் என்று அவரும் காத்திருந்ததுபோல் இருந்தது.

"அங்க மீன் கொழம்பு எப்படி வைப்பாங்களோ" என்றார்.

"தேங்காப்பால் ஊத்துவாவ."

"ஓ."

பஸ் வந்தது. அவர் ஏறினார். அவள் நின்ற பக்கம் சன்னல் சீட் கிடைத்தும் ஏனோ எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

கான்கிரீட் வீட்டில் சத்தம் எதிரொலித்தது. கடுகு தாளித்தால் நடு அறையிலும் கேட்டது. பழக்கத்தில் மெற்றில்டா சில சாயங்காலங்களில் ஒரு குடம் கடல் தண்ணீரைச் சுவரில் ஊற்றிவிட்டு நின்றாள், சுவரில் உப்புக் கோடுகள் விழுந்ததுதான் மிச்சம். ஊர் மறக்கத் தொடங்கியது. ஆணிகளில் படங்கள் ஏறின, கோயிலில் ஒலிபெருக்கி திரும்ப வந்தது, அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளிடம் சொன்னால் சும்மா கதை விடாதீங்க என்றன. நல்லசிவம் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை போன் பண்ணினார். கடல் இரைச்சலில் பாதி கேட்கவில்லை, நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், என்று இரண்டு பேரும் இரண்டு முறை சொன்னார்கள்.

சட்டங்களைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கச்சிமடத்துக்காரன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஊர் ஆண்களுக்குக் கடல் தொழில் இருந்தது. அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வந்து யாராவது கிடைப்பார்களா என்று கேட்டபோது, மெற்றில்டா, நான் பாக்கேன் என்றாள்.

"ஒனக்கென்னட்டி கிறுக்கா?" சலேத் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீச்சலு தெரியாது, இந்த வயசுல கடலுக்குள்ள எறங்கப் போறியா?"

"நல்லசிவம் சாருக்கே முப்பது வயசுக்கு மேலதான் மைனி கடல் தெரிஞ்சுது."

கார் டியூப் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நைட்டிமேல் தொபியாஸின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் தொடங்கினாள். கரையில் உட்கார்ந்து வலைக் கிழிசல் பொத்துகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்க மறந்துபோனார்கள், பிறகு கையை இப்படி வீசு, காலை அப்படி உதை என்று கத்தினார்கள். எத்தனையோ தடவை உப்புத் தண்ணீர் குடித்தாள். வேலைக்கு நாள் தவறிப் போனதால் நண்டு கம்பெனியில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள், அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டியூப் இல்லாமல் மிதக்க வந்தது, முங்க வந்தது, மூச்சடக்க வந்தது.

கடல் தெளிந்திருந்த ஒரு காலையில் தொபியாஸ் அவளைப் பாருக்குக் கூட்டிப்போய் வள்ளத்தை நிறுத்தினார். கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து சிலுவை போட்டுவிட்டு, மெற்றில்டா இறங்கினாள். தலை தண்ணீருக்குள் போனதும் அவள் முதலில் பார்க்கவில்லை, கேட்டாள். அடியிலிருந்து எல்லாப் பக்கமும் பொரிகிற சத்தம், வெடிக்கிற சத்தம், கடிக்கிற சத்தம், கிசுகிசுக்கிற சத்தம், ஒருவர் பேச்சை மறித்து இன்னொருவர் பேசுகிற கல்யாண வீட்டுச் சத்தம். மீன்கள் கல்லைக் கொறித்தன, இறால்கள் விரல் சொடுக்கின, எங்கிருந்தோ ஏதோ உறுமியது. வெள்ளையாகக் கிடந்த பழைய எலும்புகளின் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் புதிய பவளங்கள், யாரும் கட்டாமல் தாமாக வந்து ஒட்டியவை, தேன்நிறத்திலும் பச்சையிலும் முளைத்திருந்தன. அவள் நெஞ்சு முட்டும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். தொபியாஸ் பயந்துபோய்க் குனிந்தார்.

"என்னம்மா, கீழ என்ன இருக்கு?"

மெற்றில்டா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"ஆளு இருக்குண்ணே" என்றாள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போனாள்.